நூற்றுப் பதினான்காம் எண் கல்

பெட்டி என் கைக்கு வந்தபோது அதில் 23 கற்கள் இருந்தன. நண்பருடைய பெரியப்பாவின் சேகரிப்பு. வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். கரையிறங்கிய இடங்களில் தானே பொறுக்கியும், அங்கங்கே பழக்கமான சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொண்டும் ஆதிமனிதரின் கற்கருவிகளைச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் வெள்ளை மையில் பொடி எழுத்தில் ஓர் எண். அது அழியாதிருக்க மேலே வார்னிஷ். இவ்வளவு சிரத்தையாக எண் போட்டவர் ஒரு நோட்டும் வைத்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். வைத்திருந்தாராம். வீட்டைக் காலி செய்தபோது பழைய காகிதங்களோடு அதுவும் போய்விட்டது. கற்களை யாரும் தூக்கி எறியவில்லை. கனமாக இருந்ததால் மதிப்பும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நோட்டு லேசானது.

மிகப் பெரிய எண் 131. ஆகவே 108 கற்களாவது எங்கோ போயிருக்கின்றன. மிச்சமிருந்தவற்றில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 114. உள்ளங்கையை நிறைத்து வெளியே கொஞ்சம் நீளும் கைக்கோடரி. ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை. பாதாம் பருப்பின் உருவம். தேநீர் வடிந்து காய்ந்தது போன்ற ஒரு செம்பழுப்பு நிறம்.

தொல்லியல் தெரிந்த ஒருவரிடம் பெட்டியோடு போனேன். அவர் 114-ஐக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார். அடுத்து, "எங்கே கிடைத்தது?" என்றார். தெரியாது என்றேன். கல்லை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். அந்த வைத்த விதத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கைக்கோடரி செய்யும் வழக்கம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக, கண்டங்கள் தாண்டி நீடித்த ஒன்று. உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது இன்ன காலம், இன்ன ஊர் என்று சொன்னால் அது ஜோசியம். எந்த மண்ணடுக்கில் கிடந்தது, எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் என்ன இருந்தது என்ற விவரங்கள்தான் கல்லைப் பேச வைக்கின்றன. அவற்றைச் சுமந்த நோட்டுதான் போய்விட்டதே.

சில நாள் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. பிறகு ஒரு மாலை, வேறு வேலை இல்லாமல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றுதான் ஒன்று உறைத்தது. செய்தவரின் பெயர் இல்லை, இடம் இல்லை, காலம் இல்லை. ஆனால் கல் இருக்கிறது. எந்த மலையில், எந்தக் கடலடியில், எந்த எரிமலையில் பிறந்ததோ அந்தப் பிறப்பின் தடயம் அதன் உள்ளே அப்படியே இருக்கிறது. நோட்டைத் தொலைக்கலாம், பாறையைத் தொலைக்க முடியாது. இத்தனை வருடம் கருவியின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் அன்று முதல் பாறையைப் பார்க்கத் தொடங்கினேன்.

114-ன் ஓரத்தில், பிற்காலத்தில் எங்கோ இடிபட்டு ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த இடம் மட்டும் செம்பழுப்பு இல்லாமல் வெளிறிய சாம்பலாக இருக்கும். லென்ஸை அங்கே வைத்தால் கற்கண்டைப் பொடித்துக் கெட்டியாக அமுக்கியது போன்ற மணிகள் தெரிகின்றன. ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, இடைவெளியே இல்லாமல். குவார்ட்சைட். ஒரு காலத்தில் மணலாக இருந்தது. மணல் இறுகி மணற்கல் ஆகி, அந்த மணற்கல் புதையுண்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இப்படி ஆகியிருக்கிறது.

மணற்கல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய வழி, உடைத்துப் பார்ப்பதுதான். மணற்கல்லை அடித்தால் விரிசல் மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும். உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும், தடவினால் மணல் உதிரும். குவார்ட்சைட்டில் மணிகளும் அவற்றை ஒட்டவைத்த பொருளும் ஒரே உறுதி. விரிசல் எதையும் சுற்றிப் போகாமல் மணிகளை வெட்டிக்கொண்டே நேராகப் பாயும். அதனால்தான் விளிம்பு கூர்மையாக அமைகிறது. அதாவது, கத்தி ஆவதற்கு வேண்டிய குணம் மனிதன் தொடுவதற்கு முன்பே அந்தக் கல்லுக்குள் இருந்தது. மனிதன் செய்தது அதைக் கண்டுகொண்டதுதான்.

நல்ல கருவிக்கல் எல்லாவற்றுக்கும் இந்தப் பொதுக்குணம் உண்டு. உள்ளே அடுக்கும் இருக்கக் கூடாது, பிளவுபடும் திசையும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் அடித்தால், விசை அடிபட்ட புள்ளியிலிருந்து கூம்பு வடிவில் உள்ளே விரியும். பெயர்ந்து விழும் செதிலின் உட்புறத்தில் அடிபட்ட இடத்துக்குக் கீழே ஒரு சிறு மேடு புடைத்துக்கொண்டு நிற்கும். அதிலிருந்து குளத்தில் கல் போட்டது போல் அலைகள் பரவியிருக்கும். சிப்பியின் உள்முகம் போலவே இருப்பதால் சிப்பி முறிவு என்று சொல்லலாம். ஆற்றோரத்தில் தானாக உருண்டு மோதி உடைந்த கல்லிலும் ஒன்றிரண்டு இப்படி அமைவதுண்டு. ஆனால் ஒரே விளிம்பில், ஒரே திசையில், ஒன்றை அடுத்து ஒன்றாக ஏழெட்டுச் செதில்கள் பெயர்ந்த வடுக்கள் இருந்தால் அங்கே ஒரு கை இருந்திருக்கிறது.

குவார்ட்சைட் என்றால் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வரவேண்டிய தேதி ஒன்று உண்டு. 1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் அன்று பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் குவார்ட்சைட் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதை உலகுக்குச் சொன்ன கல் அது. அதே ஆண்டு அவரும் சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்ற கற்கருவித் தலத்தைக் கண்டார்கள். ஃபூட் புவியியலாளராக இருந்தது நம் நல்வாய்ப்பு. கருவியைப் பார்க்கும் முன் பாறையைப் பார்க்கப் பழகிய கண். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்துவைக்கும் கை. அவருடைய சேகரிப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1912-ல் அவர் மறைந்த பிறகு அதன் அட்டவணை நூலாக வந்தது. கல்லும் இருக்கிறது, கல்லின் ஊரும் இருக்கிறது. பெரியப்பாவின் பெட்டியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கையில் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

அத்திரம்பாக்கத்தின் கதை அதோடு முடியவில்லை. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டது. கைக்கோடரிகள் கிடந்த அடுக்கின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள். சராசரிக் கணக்கு சுமார் 15 லட்சம். எண் பெரிதுதான், ஆனால் அதைக் கண்டுபிடித்த விதம் அதைவிடப் பெரிது. தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸின் மீது, அதாவது குவார்ட்சைட்டின் மணிகளாக இருக்கும் கனிமத்தின் மீது, விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அவை கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை, ஏறக்குறைய மாறாத ஒரு விகிதத்தில், துளித்துளியாக உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் கதிர்மழை நிற்கிறது. இருந்த இருப்பு கரையத் தொடங்குகிறது. அலுமினியம்-26 சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியம்-10 பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் வேண்டும். ஒன்று வேகமாகவும் மற்றது நிதானமாகவும் குறைவதால், இன்று மிஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். அவர்கள் அளந்தது அங்கே கிடைத்த குவார்ட்சைட் கருவிகளையே. வெட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்த கல்லே கடிகாரமாகவும் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கடிகாரம் புதைந்த இடத்தில் இருந்தால்தான் ஓடும். வெளியே எடுத்து ஜன்னலோர அலமாரியில் வைத்துவிட்டால், எத்தனை ஆழத்தில் எத்தனை காலம் கிடந்தது என்ற கணக்குக்கே ஆதாரம் இல்லை. 114-ஐ ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இது நினைவுக்கு வரும்.

பெட்டியில் குவார்ட்சைட் நான்குதான். ஒன்பது கற்கள் சிக்கிமுக்கிக் கல். இதன் பிறப்பு வேறு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இன்றைய ஐரோப்பாவின் பெரும்பகுதி கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த வெண்சுண்ணச் சேற்றுக்குள் கடற்பஞ்சுகளின் சிலிக்கா எலும்புகள் கரைந்து, பிறகு கட்டிகட்டியாக உறைந்தன. லென்ஸில் பார்த்தாலும் மணி தெரியாது. அத்தனை நுண்ணிய படிகங்கள். மெல்லிய விளிம்பை விளக்குக்கு எதிரே பிடித்தால் தேன் போல ஒளி ஊடுருவும். வெளித்தோல் மட்டும் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளை.

இந்தக் கல்லுக்காக மனிதர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். புதிய கற்கால மக்கள் சுண்ணப்பாறைக்குள் 400-க்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டியிருக்கிறார்கள். சில குழிகள் 12 மீட்டருக்கும் ஆழம். கருவி, மான்கொம்பு. இறங்கும் வழியிலேயே இரண்டு அடுக்கு சிக்கிமுக்கிக் கல் குறுக்கிடுகிறது. அவற்றை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதாக, அடியில் இருந்த கரிய அடுக்குதான் வேண்டும் என்று இறங்கியிருக்கிறார்கள். வேலைக்கு ஆகும் கல் மேலேயே கிடைத்தும், மான்கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கீழே போவது வெறும் தேவைக்காக மட்டும் இருக்க முடியாது என்பது என் கட்சி. கல்லை ரசிக்கத் தெரிந்தவனின் பிடிவாதம் அது. பிரான்சில் கிராண்ட்-பிரசின்யி என்ற ஊரின் தேன்நிறக் கல்லில், நீண்ட சில்லுகளை எடுத்தபின் எஞ்சிய தாய்க்கற்கள் வயல்களில் ஏராளமாகக் கிடந்தன. உழவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் "வெண்ணெய்க் கட்டி". பார்த்தவர்களுக்குப் புரியும், வேறு பெயர் பொருந்தாது.

கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் கைக்கோடரியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நார்ஃபோக்கின் வெஸ்ட் டாஃப்ட்ஸில் கிடைத்தது. அதன் முகத்தின் நட்டநடுவில் கல்லாகிப்போன ஒரு சிப்பி, விசிறி போல் விரிந்த வரிகளோடு. சுற்றிலும் செதில்களைப் பெயர்த்தவர் அந்தச் சிப்பி இருக்கும் மேல்தோலைத் தொடவில்லை. தற்செயல் என்று வாதிடுபவர்கள் உண்டு. தோலின் அந்தப் பகுதியில் அடிக்கவேண்டிய தேவை இல்லாமலேயே போயிருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். நான் சில்லு பெயர்க்கப் பழகியபின் அந்த வாதத்தில் பாதி நம்பிக்கை போய்விட்டது. கையில் கல்லைத் திருப்பித் திருப்பி ஐம்பது அடி அடிக்கிறவன் அதன் நடுவில் ஒரு சிப்பி இருப்பதைக் கவனிக்காமல் இருப்பானா?

எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் பெட்டியில் ஒன்றே ஒன்று. எண் 60, விரல் நீளச் சில்லு, கறுப்பு. குழம்பு மிக வேகமாக ஆறியதால் படிகம் உண்டாக அவகாசமே கிடைக்காத பாறை. கருவிக்கற்களில் இதைவிடக் கூரியது இல்லை. ஆனால் குவார்ட்ஸைவிட மென்மையானதால் சீக்கிரம் மழுங்கிவிடும். அழகி, ஆனால் நீடித்து உழைக்கமாட்டாள். கல்லின் முகவரியைப் பொறுத்தவரை மட்டும் இதற்கு இணை எதுவுமில்லை. ஒவ்வோர் எரிமலையின் குழம்பிலும் நுண் அளவில் கலந்திருக்கும் தனிமங்களின் கலவை தனித்தனி, ஏறக்குறைய கைரேகைதான். 1964-ல் கேன், ரென்ஃப்ரூ என்ற ஆய்வாளர்கள் மத்தியதரைக்கடல் பகுதியின் அப்சிடியன்களை இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். கிரேக்க நிலப்பரப்பில் உள்ள பிராங்க்தி குகையில் கிடைத்த சில்லுகள் மிலோஸ் தீவின் கற்கள் என்று தெரிந்தது. மிலோஸ் அந்தக் காலத்திலும் கடல் சூழ்ந்த தீவு. 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே யாரோ படகேறிப் போய்க் கல் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் படகில் ஒரு பலகைகூட நமக்குக் கிடைக்கவில்லை. கல் மட்டும் சாட்சி சொல்கிறது.

பச்சைக்கல்லில் வழவழவென்று தேய்த்த கோடரி ஒன்றும் இருக்கிறது, எண் 87. இதன் ஊரைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஒரு துண்டை வெட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் பாறையே கண்ணாடித்தாள் போல் ஆகி ஒளியை விடும். நுண்ணோக்கியில் கனிமங்களைப் பெயர் சொல்லி எண்ணலாம். பிரிட்டனின் பல மூலைகளில் கிடைத்த கோடரிகள் வடமேற்கு இங்கிலாந்தின் லாங்டேல் மலையின் எரிமலைச்சாம்பல் பாறையில் செய்தவை என்று இப்படித்தான் கண்டார்கள். ஆனால் அதற்குக் கோடரியை அறுக்க வேண்டும். நண்பரிடம் கேட்டேன். "பெரியப்பா அறுக்கவில்லையே" என்றார். எனக்கும் அந்தப் பதில் நிம்மதியாகத்தான் இருந்தது.

கல்லைப் படிக்க அடித்துப் பார்ப்பதைவிட வேறு பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிக்கொண்டு நானும் இறங்கினேன். முதல் மாதம் சரளைத்தூள்தான் விளைச்சல். இரண்டாம் மாதம் இடக்கைக் கட்டைவிரல் நகம் போயிற்று. பிறகு மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. அடிக்கும் தளத்துக்கும் முகத்துக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை வலிப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அடிப்பதற்கு முன் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்விரிசல் உள்ளது சப்பென்று சத்தம் தரும். பானையைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான்.

தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்ட் குகைகளில் வாழ்ந்தவர்கள் சில்கிரீட் என்ற கல்லைத் தீயில் சுட்டுப் பதப்படுத்திய பிறகே சில்லு எடுத்திருக்கிறார்கள், அதுவும் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே என்று 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. படித்த உற்சாகத்தில், சிக்கிமுக்கிக் கல்லின் இனமான ஒரு செர்ட் கல்லை நேராகத் தணலில் போட்டேன். பத்து நிமிடத்தில் பட்டாசு போல வெடித்து, ஒரு துண்டு என் காதோரம் பறந்து போனது. கல்லின் துளைகளில் இருக்கும் ஈரம் திடீரென்று ஆவியானால் அப்படித்தான் ஆகும். மணலுக்குள் புதைத்து, மணிக்கணக்கில் சூடேற்றி, அதே நிதானத்தில் ஆறவிட வேண்டும். ஆதிமனிதன் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் ஆளுக்கு என்னைவிடப் பொறுமை இருந்திருக்கிறது.

அடித்துப் பழகினால் போலிகளையும் கொஞ்சம் அடையாளம் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் சிம்ப்சன் என்றொருவர் இருந்தார். ஊரார் வைத்த பெயர் ஃபிளிண்ட் ஜாக். புதிதாகச் செய்த கற்கருவிகளைப் பழையவை என்று சேகரிப்பாளர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றே பிழைத்தார். கடைசியில் 1862-ல் லண்டனில் அறிஞர்கள் கூடிய அவையிலேயே தன் கைவேலையைச் செய்து காட்டினார். உருவத்தை மட்டும் பார்த்தவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். காலம் கல்லின் மேல் படியவிடும் தோலை அவரால் அத்தனை எளிதில் செய்துவிட முடியவில்லை. மண்ணில் வெகுகாலம் கிடந்த சிக்கிமுக்கிக் கல்லின் மேல் பால் போன்ற வெண்படலம் ஏறும். செதில் வடுக்களின் உள்ளேயும் அது ஒரே சீராக இருக்கும். எனவே, பழைய கல்லைக் கம்பித்தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்கும் நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் கழுவி ஊற்றுவது அதன் வயதை.

நானும் யோக்கியன் இல்லை. இருபது வயதில் ஓர் ஓடையில் இரண்டு செதில்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இடக்கரையா வலக்கரையா என்றுகூட இன்று சொல்ல முடியாது. பல நாடுகளில் அப்படி எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அது ஒரு வகையில் நோட்டைத் தூக்கி எறிவதற்குச் சமம்தான். இப்போது கருவி தென்பட்டால் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கிறேன், இடத்தைக் குறித்துக்கொண்டு உரியவர்களுக்குச் சொல்கிறேன், கல்லை அங்கேயே விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வருவதெல்லாம் யாரும் தொடாத வெறும் கற்கள். குவார்ட்சைட், செர்ட், ஜாஸ்பர், அகேட். அகலமான மேசை இழுப்பறை ஒன்று நிறைந்துவிட்டது. பார்க்க வருபவர்களுக்கு ஏமாற்றம். கைக்கோடரி காட்டுவேன் என்று நினைத்து வந்தவருக்கு உடைந்த கூழாங்கல்லையும் லென்ஸையும் நீட்டினால் வேறென்ன செய்வார்?

நான் பெயர்க்கும் சில்லுகளையும் சும்மா எறிவதில்லை. ஒவ்வொன்றிலும் வைரமுனை எழுதுகோலால் ஆண்டைக் கீறிவிடுகிறேன். உதிரும் தூளைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைக்கிறேன். என் கத்துக்குட்டி வேலையை எடுத்துக்கொண்டு பிற்காலத்தில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாது.

சென்ற வாரம் பெரியப்பாவின் பெட்டிக்குப் புது நோட்டு ஒன்று போட்டேன். கோடு போட்ட, தடித்த அட்டை நோட்டு. பென்சிலால்தான் எழுதுகிறேன். எண் 60: அப்சிடியன், கறுப்பு, விளிம்பில் புகைநிறம். எண் 87: பச்சைநிற நுண்மணிப் பாறை, முழுதும் தேய்த்தது, அறுக்கவில்லை. எண் 114: கைக்கோடரி. குவார்ட்சைட், நடுத்தர மணி. மேற்பரப்பு செம்பழுப்பு, உள்ளே வெளிர்சாம்பல். அடிப்பகுதியில் ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல் தோல் மிச்சம் இருக்கிறது, ஆகவே மலையில் வெட்டியதல்ல, ஆற்றங்கரையில் எடுத்தது. கிடைத்த இடம் என்ற பத்திக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்தேன். கோட்டுக்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்.